ஆண்மை ஆய்வு: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் கல்லூரி மாணவர்களோடு ஆண்மை பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறேன். நெல்லைச் சீமை என்று நான் சொல்வது 1986இல் பிரிந்த தூத்துக்குடியையும் 2019இல் பிரிந்த தென்காசியையும் உள்ளடக்கிய பழைய மாவட்டத்தை.

ஆண்களைப் பற்றித்தானே எல்லா வரலாறும் எழுதப்பட்டிருக்கிறது? தனியாக ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?

வரலாற்றில் நிறைந்திருப்பவர்கள் ஆண்கள்தாம். ஆயினும் அவர்கள் அரசராகவும் புலவராகவும் தளபதியாகவும் பேசப்பட்டார்களே ஒழிய, ஆண்களாக ஆராயப்படவில்லை. ஆணாகப் பிறந்த ஒருவர் அதனாலேயே ஆண்மையுடையவராக ஏற்கப்படுவதில்லை. பிறர் பார்க்க அதை மெய்ப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அதற்கான விதிகளும் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றன. இந்த விதிகளை வகுப்பவர் யார், தேறியவருக்குக் கிடைப்பது என்ன, தவறியவருக்கு நேர்வது என்ன என்பவற்றை ஆராய்வதே ஆண்மை ஆய்வு.

நம் பக்கத்து ஊர்களில் கிடக்கும் இளவட்டக்கல்லை நினைத்துப் பாருங்கள். பிடிமானமே இல்லாமல் உருண்டையாக வழுவழுப்பாக்கப்பட்ட அந்தக் கல்லைத் தூக்கித் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடுபவனுக்கே பெண் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கல்லின் எடையைவிட அது கிடக்கும் இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: எவர் வீட்டுக் கொல்லையிலும் இல்லாமல் ஊர் கூடும் பொதுவிடத்தில் அது கிடக்கும். ஆளில்லாத இடத்தில் அதைத் தூக்கினால் அது உடற்பயிற்சி. நாலு பேர் பார்க்கத் தூக்கினால்தான் ஆண்மை. பணகுடி வட்டாரத்து வடலிவிளையில் பொங்கலை ஒட்டி நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் இப்போது பெண்களும் கல் தூக்குகிறார்கள். அவர்கள் தூக்கும்போது அதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பில் அன்று யாரும் பதில் சொல்லவில்லை.

'ஆண்மை' என்ற தமிழ்ச்சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் என்ன?

அதில் 'ஆண்' மட்டும் ஒளிந்திருக்கவில்லை, 'ஆள்' என்பதும் இருக்கிறது. வேளாண்மை, தாளாண்மை, மேலாண்மை ஆகிய சொற்களில் வரும் 'ஆண்மை' ஆளுதலை, அதாவது ஒன்றைத் தன் பொறுப்பில் ஏற்று நடத்துதலைக் குறிக்கிறது. அங்கே ஆண்பாலுக்கு வேலையே இல்லை. திருவள்ளுவர் இச்சொல்லை வைத்து விளையாடியிருக்கும் விதம் கவனிக்கத்தக்கது. பிறன் மனைவியை விரும்பிப் பார்க்காமையை அவர் 'பேராண்மை' என்கிறார் (148). போர்க்களத்தில் அஞ்சாமையைப் பேராண்மை என்று ஒப்புக்கொண்டு, அதற்குக் கூர்மை தருவது இடருற்ற பகைவனுக்கு உதவும் 'ஊராண்மை'தான் என்கிறார் (773). தான் பிறந்த குடியைப் பொறுப்பேற்று உயர்த்துவதை 'நல்லாண்மை' என்கிறார் (1026). மூன்றிலும் அடக்கமோ இரக்கமோ பொறுப்போ தவறாமல் வருகிறது. வள்ளுவர் பெண்களைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. 'பெண்வழிச் சேறல்' என்று ஓர் அதிகாரத்தையே மனைவி சொல் கேட்கும் கணவனைப் பழிக்க ஒதுக்கியவர் அவர். ஆயினும் ஆண்மை என்றால் முறுக்கு என்று இன்று நினைப்பவர்களுக்கு இந்த மூன்று குறளும் தொந்தரவு தரக்கூடியவை.

மறுபுறம் தொல்காப்பியம் களவியலில் பெருமையையும் உரனையும் ஆணுக்கும், அச்சம், நாணம், மடம் ஆகியவற்றைப் பெண்ணுக்கும் உரியனவாகப் பங்கிட்டுவிட்டது. பின்னால் வந்த பல நூற்றாண்டுகள் இந்தப் பங்கீட்டை இலக்கணமாக மட்டும் வைத்திருக்கவில்லை, சட்டமாகவே நடத்தின.

பாரதி 'ஆண்மை தவறேல்' என்றார், பெரியார் 'ஆண்மை அழிய வேண்டும்' என்றார். இருவரில் யார் சொன்னது சரி?

இருவரும் ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு பொருள்களைச் சுட்டினார்கள். எட்டயபுரத்தில் 1882இல் பிறந்து, திருநெல்வேலியில் படித்து, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் சில காலம் வாழ்ந்த பாரதியை நம் சீமைக்காரர் என்றே சொல்லலாம். அவருடைய புதிய ஆத்திசூடி 'அச்சம் தவிர்' என்று தொடங்கி அடுத்த அடியிலேயே 'ஆண்மை தவறேல்' என்கிறது. ஓர் அடிமை நாட்டு மக்களை நிமிர்ந்து நிற்கச் சொன்ன குரல் அது. அதே பாரதிதான் நாணமும் அச்சமும் நாய்களுக்கு வேண்டும் என்று பெண்ணின் பக்கம் நின்று தொல்காப்பியப் பங்கீட்டைக் கவிழ்த்தவரும்.

பெரியாரின் வாதம் வேறு. வீரம், துணிவு, ஆளும் திறன் ஆகியவற்றுக்கு 'ஆண்மை' என்று பெயர் வைத்த அந்தக் கணத்திலேயே அவை ஆணின் தனிச்சொத்தாகிவிடுகின்றன, அந்தச் சொல் உலவும் வரை பெண்ணுக்கு விடுதலை இல்லை என்றார். ஆண்கள் பெண்களை விடுவிப்பார்கள் என்று காத்திருப்பதை, பூனைகளால் எலிகளுக்கு விடுதலை கிடைக்குமா என்று கேட்டுக் கேலி செய்தார். என்னைக் கேட்டால், மொழியைப் பொறுத்தவரை பெரியார் கூர்மையானவர். பாரதி ஒரு நல்ல குணத்துக்குப் பழைய சட்டையை மாட்டிவிட்டார். அந்தச் சட்டை பெண்களுக்குப் பொருந்துமா என்று அந்த அடியில் அவர் பார்க்கவில்லை.

'மேலாதிக்க ஆண்மை' என்று பாடநூல்களில் வருகிறதே, அது என்ன?

ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ரேவின் கானெல் 1980களில் வளர்த்தெடுத்து, 1995இல் வெளியான நூலில் விரித்துரைத்த கருத்து இது. ஆண்மை ஒன்றல்ல, பல; அவற்றுக்குள்ளேயே ஒரு படிநிலை உண்டு; ஒரு காலத்தில் ஓர் இடத்தில் மிக உயர்ந்ததாக மதிக்கப்படும் ஆண்மை, பெண்களை மட்டுமன்றி மற்ற ஆண்களையும் கீழே நிறுத்துகிறது என்பது அவருடைய வாதம். மேலாதிக்கம் என்ற சொல்லை அவர் இத்தாலியச் சிந்தனையாளர் கிராம்சியிடமிருந்து எடுத்துக்கொண்டார். அடித்து உதைத்து மட்டும் பெறப்படுவதைவிட, கீழே இருப்பவர்களும் 'அதுதானே முறை' என்று ஒப்புக்கொள்வதால் நிலைப்பதே மேலாதிக்கம். அந்த உயர்ந்த அளவுகோலை எட்டிப்பிடிக்கும் ஆண்கள் மிகச் சிலர். எட்டாதவர்களில் பெரும்பாலோரும் அதன் ஆதாயத்தில் தமக்குரிய பங்கைப் பெற்றுக்கொள்கிறார்கள். கானெல் இதை உடந்தை என்றார்.

ஒரு தேநீர்க் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இந்த உடந்தை விளங்கும். 'பொண்டாட்டி பேச்சக் கேட்டு ஆடுதான்' என்று ஒருவர் இன்னொருவரைச் சொல்ல மற்ற நால்வரும் சிரிக்கிறார்கள். சிரித்த நால்வரில் மூவர் வீட்டில் மனைவியின் சொல்லைக் கேட்டே குடும்பம் நடத்துகிறவர்களாயிருப்பார்கள். ஆனாலும் சிரித்தாக வேண்டும். ஆண்மைக்குத் தேர்வு வைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் அல்லர், பிற ஆண்களே.

திருநெல்வேலி என்றாலே அரிவாள் என்றாகிவிட்டதே, அது எப்படி?

இதற்கு விரிவாகவே விடையளிக்க வேண்டும். கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டு, 1801இல் பாளையக்காரர் எதிர்ப்பு முற்றாக ஒடுக்கப்பட்டபின், கோட்டைகள் இடிக்கப்பட்டு ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. ஊர்க்காவலை மரபுரிமையாகக் கொண்டிருந்த குடிகள் அந்த வேலையையும் அதனோடு வந்த மதிப்பையும் இழந்தனர். நேற்று வரை ஊரின் பாதுகாவலன் என்று பெயர் பெற்றவனை ஆட்சியாளர்கள் கொள்ளைக்காரன் என்று எழுதத் தொடங்கினார்கள். குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மறவர், கள்ளர் உள்ளிட்ட பல சமூகங்களைச் சேர்ந்த ஆண்கள் காவல் நிலையத்தில் கைநாட்டு வைத்து அங்கேயே இரவைக் கழிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல்தான் நீங்கியது. அதே ஆங்கில அரசு வேறு சில இனங்களை 'போர்க்குடிகள்' என்று பாராட்டிப் படையில் சேர்த்ததையும், வங்காளிகளைப் பெண்மை மிக்கவர்கள் என்று ஏளனம் செய்ததையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்மைச் சான்றிதழ் வழங்குவது ஆட்சிக்கலையின் ஒரு பகுதியாகவே இருந்தது தெரியும். வரலாற்றாசிரியர் மிருணாளினி சின்ஹா வங்காளத்தை வைத்து இதை விரிவாக நிறுவியிருக்கிறார்.

பிற்காலத்தில் திரைப்படம் அந்தக் காவல் நிலையப் பதிவேட்டை அப்படியே எடுத்து, இழிவு என்று எழுதியிருந்த இடத்தில் பெருமை என்று திருத்திக்கொண்டது. மீசையும் அரிவாளும் நம் சீமையின் முத்திரைகளாயின. ஆனால் திருநெல்வேலி ஆண்களில் தமிழகம் முழுவதும் அதிகமாக அறியப்பட்டவர் யார்? சென்னையிலும் கோவையிலும் தெருமுனை மளிகைக் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிதான். விடியும் முன் கடை திறந்து, கடன் நோட்டைப் பொறுமையாகப் புரட்டி, வாடிக்கையாளர் எவ்வளவு பேசினாலும் குரலை உயர்த்தாமல், ஊரிலிருந்து வந்த பையன்களைக் கடையிலேயே தங்க வைத்துத் தொழில் பழக்கி விடும் மனிதர் அவர். சிக்கனமும் பொறுமையும் சொல் தவறாமையும்தான் அவருடைய ஆண்மையின் அளவுகோல்கள். அண்ணாச்சியைத் திரையில் நகைச்சுவைக்கு வைத்துக்கொண்டு அரிவாள்காரரை நாயகனாக்கியது ஏன் என்று கேட்டுப் பார்த்தால், கானெல் சொன்ன படிநிலை பளிச்சென்று தெரியும். (அந்தக் கடைகளில் சிறுவர்கள் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், அண்ணாச்சியின் மனைவி ஊரில் எத்தனை ஆண்டு தனியே குடும்பம் நடத்தினார் என்பதும் இதே கதையின் பகுதிகளே. அண்ணாச்சியைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை.)

நாட்டார் மரபில் வேறுவகை ஆண்மைக்குச் சான்று உண்டா?

வில்லுப்பாட்டில் நிறையவே உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது முத்துப்பட்டன் கதை. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை அச்சேற்றிய கதைப்பாடல்களுள் அதுவும் ஒன்று. பிராமணனாகிய முத்துப்பட்டன், சக்கிலியரான வாலப்பகடையின் மகள்களாகிய பொம்மக்கா, திம்மக்கா ஆகிய இருவரையும் விரும்புகிறான். பெண் கேட்டு வந்தவனிடம் தகப்பன் வைக்கும் தேர்வு, கல் தூக்குவதோ காளை அடக்குவதோ அன்று. குடுமியையும் பூணூலையும் களைந்துவிட்டு வா, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள் என்கிறான். முத்துப்பட்டன் அப்படியே செய்கிறான். பிறகு மாமனாரின் மாட்டுக்கிடையைக் காக்கப் போய்க் கள்வரோடு போரிட்டு மாள்கிறான். காரையாற்றங்கரையில் சொரிமுத்து ஐயனார் கோயில் வளாகத்தில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்குப் பக்தர்கள் இன்றும் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள்.

தன் மேல்நிலையைக் கழற்றி வைப்பதையே ஆண்மைக்கான தேர்வாக வைத்த கதை உலகில் வேறெங்காவது உண்டா என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அதேசமயம் கதை அங்கே முடியவில்லை. அவன் இறந்ததும் இரு பெண்களும் தீயில் இறங்குகிறார்கள். சில பாட்டு வடிவங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர், காட்டில் கிடைத்து வளர்ந்தவர்கள் என்றொரு ஒட்டும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அவன் கழற்றிய பூணூலைப் பிற்காலத்தவர் கதைக்கு மாட்டிவிட்டார்கள். ஒரே பாட்டுக்குள் கலகமும் சமாதானமும் கிடப்பதால்தான் அதை மாணவர்களோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்கிறேன்.

பெண்கள் சம்பாதிக்கும் வீட்டில் ஆணின் நிலை மாறுகிறதா?

நம் சீமையில் இது புதுக்கேள்வி அன்று. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கங்களில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களின் கூலி பல தலைமுறைகளாக அடுப்பெரிய வைத்திருக்கிறது. ஆனாலும் 'வீட்டில சும்மா இருக்கையில சுத்துதா' என்று சொல்வது வழக்கம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கப்படும் உழைப்பு 'சும்மா' ஆவதும், மாதத்தில் பாதி நாள் வேலையில்லாத ஆண் 'சம்பாதிக்கும் குடும்பத் தலைவர்' ஆவதும் கணக்கால் நடப்பவை அல்ல.

வளைகுடாவுக்கும் மும்பைக்கும் போன ஆண்களின் நிலை இதற்கு மறுபக்கம். அங்கே குளிரூட்டப்படாத அறையில் எட்டுப் பேரோடு படுத்து, தானே சமைத்து, தானே துவைத்து வாழ்ந்தவர், ஊருக்கு வந்து இறங்கியதும் ஒரு தம்ளர் தண்ணீரையும் பிறர் எடுத்துத் தர வேண்டியவராகிவிடுகிறார். சமையல் தெரியாததால் அன்று, தெரிந்ததைக் காட்டிக்கொள்ளக் கூடாததால். 'வீட்டோடு மாப்பிள்ளை' என்ற சொல்லுக்கு இணையாகப் பெண்ணுக்கு ஓர் ஏளனச் சொல் இல்லாததைக் கவனியுங்கள். பெண் கணவன் வீட்டில் வாழ்வது இயல்பு, ஆண் மனைவி வீட்டில் வாழ்வது தோல்வி.

பள்ளி மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவரையும் அவருடைய தங்கையையும் சக பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

சாதியை விட்டுவிட்டு ஆண்மையை மட்டும் பேசினால் இந்த நிகழ்ச்சி விளங்காது. ஆண்மையை விட்டுவிட்டுச் சாதியை மட்டும் பேசினாலும் முழுதாக விளங்காது. கயிறு கட்டும் வயதும் மீசை அரும்பும் வயதும் ஒன்றே. 'கெத்து' என்று பிள்ளைகள் சொல்வது, யாருக்கும் பணியாமல் நிற்கும் தோரணை. தனக்குப் பணிய வேண்டியவன் என்று வீட்டில் கற்பிக்கப்பட்ட ஒருவன் நன்றாகப் படித்து, நன்றாக உடுத்தி, நிமிர்ந்து நடக்கும்போது, அது தன் ஆண்மைக்கே வந்த குறையாகத் தோன்றும்படி அந்தப் பிள்ளைகள் பழக்கப்பட்டிருக்கிறார்கள். எஸ். ஆனந்தி, ஜெ. ஜெயரஞ்சன், ராஜன் கிருஷ்ணன் ஆகிய மூவரும் ஒரு தமிழகக் கிராமத்தை ஆராய்ந்து 2002இல் எழுதிய கட்டுரை, வேலையும் சாதியும் மாறும்போது இளைஞர்களின் ஆண்மைகள் எவ்வாறு ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்பதைக் காட்டுகிறது.

'ஆண்மைக்குறைவு' விளம்பரங்களை இத்துறை எப்படிப் பார்க்கிறது?

விடுதி அறையில் இன்ன தேதி முகாம் என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் துண்டுச் சீட்டுகள், 'அறியாத வயதில் செய்த தவறு' என்ற ஒரே வாக்கியத்தை வைத்து எத்தனையோ இளைஞர்களின் பணத்தையும் உறக்கத்தையும் பறித்திருக்கின்றன. விந்து வெளியேறுவதால் உடல் நலிகிறது என்ற அச்சத்தில் வரும் சோர்வுக்கு மனநல மருத்துவர் நரேந்திரநாத் விக் 1960இல் 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டார். விந்து வெளியேறுவதால் உடலுக்குக் கேடு இல்லை. நோயாக இருப்பது அந்த அச்சமே. 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கும் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது, முறையாகப் படித்த சித்த மருத்துவர்களையும் சுவரொட்டி வைத்தியர்களையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆண் கருத்தடை செய்துகொண்டால் ஆண்மை போய்விடுமா?

போகாது. விந்தணுவைக் கொண்டுசெல்லும் நாளம் மட்டுமே அடைக்கப்படுகிறது. விரையின் சுரப்பும் விருப்பமும் விறைப்பும் பழையபடியே இருக்கும். பலன் முழுமையாகக் கிடைக்கச் சுமார் மூன்று மாதம் ஆகும் என்பதால் அதுவரை வேறு பாதுகாப்பு வேண்டும். பெண்ணுக்குச் செய்யும் அறுவையைவிட இது எளியது, ஆபத்து குறைந்தது. இருந்தும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் கருத்தடை அறுவையைத் தாமே செய்துகொண்டவர்கள் 37.9 விழுக்காடு, கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 விழுக்காடு. நெருக்கடிநிலைக் காலத்தில் ஆண்களைக் கட்டாயப்படுத்தியதால் எழுந்த வெறுப்பு ஒரு காரணம். மற்றக் காரணம், 'அவுக பாரம் தூக்குறவுக, எனக்கே பண்ணிருங்க' என்று பிரசவ வார்டில் மனைவியைச் சொல்ல வைப்பது.

ஆண்களுக்கும் துன்பம் உண்டே, அதை இத்துறை பேசுகிறதா?

பேசுகிறது. இந்தியாவில் தற்கொலையால் இறப்பவர்களில் பத்தில் ஏழு பேர் ஆண்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகள் காட்டுகின்றன. 'ஏல, பொட்டப்புள்ள மாதிரி அழுதுட்டு நிக்க' என்று ஐந்து வயதில் கேட்டவர், ஐம்பது வயதில் கடன் கழுத்தை நெரிக்கும்போது எவரிடமும் சொல்லாமல் இருப்பதில் வியப்பில்லை. இந்தத் துன்பத்தைப் பெண்களுக்கு எதிரான வழக்காக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். வாயை அடைத்தது யார் என்பதை அவர்கள் கேட்பதில்லை. மனம் கனத்திருப்பவர்கள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணையோ 104 என்ற எண்ணையோ அழைக்கலாம்.

திருநம்பிகள் இந்த ஆய்வில் எங்கே வருகிறார்கள்?

மையத்தில். ஆணுடலோடு பிறக்காமலே ஆணாக வாழ்பவர்கள், ஆண்மையின் எழுதப்படாத விதிகளை வேறு எவரையும்விடத் தெளிவாக அறிந்தவர்கள். நடையை, குரலை, உட்காரும் விதத்தை அவர்கள் கண்கொண்டு பார்த்துக் கற்க வேண்டியிருக்கிறது. 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தம் பாலினத்தைத் தாமே அறிவித்துக்கொள்ளும் உரிமையை அவர்களுக்கு உறுதிசெய்தது.

ஆய்வு செய்ய விரும்பும் மாணவர் எங்கே தொடங்கலாம்?

தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும், அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அருகிலேயே இருக்கின்றன. நூலகத்துக்குப் போகும் முன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு ஆண்களிடம், 'நீங்கள் ஆண்பிள்ளை இல்லை என்று உங்களை முதன்முதலில் சொன்னது யார், எப்போது?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் முதலில் சிரிப்பார்கள், பிறகு பேச்சை மாற்றுவார்கள். அவசரப்படாமல் காத்திருங்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவர் தம் தாத்தாவிடம் இதைக் கேட்டார். அறுபது ஆண்டுகளுக்கு முன் இளவட்டக்கல்லை முட்டிக்கு மேல் ஏற்ற முடியாமல் கீழே போட்ட நாளையும், அன்று சுற்றி நின்று சிரித்த அத்தனை பேரின் பெயர்களையும் அவர் வரிசையாகச் சொன்னாராம்.